இதய எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் மாறும் இதயத் துடிப்பும்

இதய எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போய்வந்த எம்மவர் சிலரின் அறிக்கையில் ஒரு வரி காணப்படும்: "துடிப்பின் சீரின்மையால் படத்தின் தரம் மட்டுப்பட்டுள்ளது." பிரெஞ்சில் இருக்கும் அந்த வரியைப் பிள்ளைகள் தமிழில் சொன்னதும் வீட்டில் பயம் தொடங்கிவிடுகிறது. இதயத்தில் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டார்களா? இயந்திரம் பழுதா? அப்பா உள்ளே அசைந்துவிட்டாரா?

நான் வைத்தியன் அல்லன். வர்த்தகப் பட்டதாரி, பார்க் எக்ஸ்டென்ஷனில் எம்மவரின் வருமானவரிக் கணக்குகளைப் பார்ப்பவன். மருத்துவச் செலவுப் பற்றுச்சீட்டுகளோடு இப்படியான அறிக்கைகளும் என் மேசைக்கு வருவதுண்டு. உங்கள் அறிக்கைக்கு விளக்கம் தரவேண்டியவர் உங்கள் வைத்தியரே. அந்தப் படம் எப்படி உருவாகிறது, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறினால் படத்தில் என்ன நடக்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இதயநோய் எம்மவருக்குத் தூரத்து விடயமல்ல. ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் ஆகிய மூன்று நகரங்களில் தெற்காசிய, சீன, ஐரோப்பிய வம்சாவளியினரை ஒப்பிட்ட கனடிய ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்று பிரிவினரிலும் இதய, இரத்தக்குழாய் நோய்கள் தெற்காசியரிடமே கூடுதலாக இருந்தன. 2007 இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வருவோரின் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 59 என்றும் கண்டது.

மொன்றியல் நகரம் இந்தத் துறையில் பெயர்பெற்றது. வைத்தியர் போல் டேவிட் 1954 இல் தொடங்கிய மொன்றியல் இதய நிறுவனத்தில்தான் 1968 மே மாதம் கனடாவின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சையை வைத்தியர் பியர் குரொன்டன் செய்தார். இதயத்தசை அழற்சியை எம்.ஆர்.ஐ. மூலம் கண்டறிய உலகெங்கும் பயன்படும் "லேக் லூயிஸ் அளவுகோல்கள்" 2009 இல் வெளிவந்தன. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியரான மத்தியாஸ் ஃப்ரீட்ரிக் பின்னர் மொன்றியலுக்கு வந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார்.

படம் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதில்லை

கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒரே கணத்தில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ. அப்படி இல்லை. வலிமையான காந்தப் புலத்துக்குள் படுத்திருக்கும் உடலுக்கு வானொலி அலைகளை அனுப்பி, உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் திருப்பித் தரும் சமிக்ஞைகளை வரி வரியாகச் சேகரிக்கிறார்கள். போதிய வரிகள் சேர்ந்தபிறகே கணினி அவற்றைப் படமாக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு படத்துக்கு 160 வரிகள் தேவை என வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு 3 மில்லி செக்கன் போகும். ஒரே மூச்சில் எடுத்தால் 480 மில்லி செக்கன், அதாவது ஏறத்தாழ அரைச் செக்கன். அந்த அரைச் செக்கனுக்குள் இதயம் சுருங்கி விரியத் தொடங்கிவிடும்; படம் முழுவதும் மங்கிப்போகும்.

ஆகவே வேலையைப் பிரித்துச் செய்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பிலும், துடிப்பின் குறித்த ஒரு கட்டத்தில், 16 வரிகளை மட்டும் எடுக்கிறார்கள். அதற்கு 48 மில்லி செக்கன் போதும். 10 துடிப்புகளில் 160 வரிகளும் சேர்ந்துவிடும். இதயம் நிமிடத்துக்கு 60 தடவை துடித்தால் இதற்கு 10 செக்கன் பிடிக்கும். அந்த 10 செக்கனும் மூச்சை நிறுத்தச் சொல்வது இதனால்தான். மூச்சு நெஞ்சை அசைத்தால் இதயமும் இடம் மாறிவிடும்.

எனவே நாம் பார்க்கும் "துடிக்கும் இதயம்" ஒரு துடிப்பின் படமாகாது. பத்துத் துடிப்புகளின் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு துடிப்பு அது. பத்தும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் முழுப் படமும் நிற்கிறது. அந்த வரிகளில் ஒன்று பிழைத்தால் படத்தின் ஒரு மூலை மட்டும் கெடும் என்றும் எண்ணவேண்டாம். ஒவ்வொரு வரியும் படம் முழுவதிலும் பங்குகொள்கிறது. ஆண்டின் ஆரம்ப மீதி பிழைத்தால் பின்வரும் எல்லா மாதக் கணக்கிலும் அந்தப் பிழை தொடர்வதுபோல, சில பிழையான வரிகள் படம் முழுவதிலும் மங்கலாகவும் நிழல் கோடுகளாகவும் பரவும்.

இடைவெளி ஏன் மாறுகிறது?

ஆரோக்கியமான இதயம் மணிக்கூடு போல ஒரே அளவில் அடிப்பதில்லை. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சராசரி இடைவெளி 1000 மில்லி செக்கன். உண்மையில் அது 950, 1030, 990 என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவுபடும். வெளியே விடும்போது தளரும். ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் கார்ல் லுட்விக் இதை 1847 இலேயே பதிவுசெய்தார். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்புக்குத் துடிப்பு கடிவாளத்தை இழுத்தும் விட்டும் நடத்துவதால்தான் இந்த மாற்றம். இதையே இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். இதை அளக்கும் முறைகளை ஐரோப்பிய, வட அமெரிக்க இதய வைத்திய அமைப்புகள் 1996 இல் கூட்டாக வரையறுத்தன.

இளவயதினரிடமும் விளையாட்டு வீரர்களிடமும் இம்மாறுபாடு கூடுதலாக இருக்கும். நீண்டகால நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது அது குறைந்துபோகும். நீரிழிவு நோயாளரிடம் இந்த மாறுபாடு மிகவும் குறைந்து, துடிப்பு இறுகிய ஒரே சீராக இருப்பதை வைத்தியர்கள் எச்சரிக்கை அறிகுறியாகவே கொள்வார்கள். படம் எடுக்கும் இயந்திரத்துக்கோ அப்படியான சீரான இதயம்தான் வசதி. இயந்திரத்துக்கு வசதியாக இருப்பதையும் உடலுக்கு நலமாக இருப்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

சாதாரண மாறுபாடு ஒரு வகை. நோயால் வரும் சீரின்மை இன்னொரு வகை. இடையில் முந்திக்கொண்டு வரும் மேலதிகத் துடிப்புகள் பலருக்கு உண்டு. அவற்றுக்குப் பின் ஒரு நீண்ட இடைவெளி வரும். சோணையறை நடுக்கம் என்ற நோயில் இடைவெளிகளுக்கு எந்த ஒழுங்கும் இராது. முதலாவது வகையைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டாவதுதான் அறிக்கையில் நாம் காணும் வரிக்கு வழக்கமான காரணம்.

வாடகையும் சேமிப்பும்

இடைவெளி மாறும்போது துடிப்பின் எல்லாக் கட்டங்களும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. இதுவே இதய எம்.ஆர்.ஐ. யின் நேரக் கணக்கில் மிகச் சிக்கலான இடம்.

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும் கட்டம் ஏறத்தாழ 300 மில்லி செக்கன். துடிப்பு விரைவுபட்டாலும் அது சிறிதளவே குறையும். மீதி நேரம்தான் இதயம் தளர்ந்து நிரம்பும் கட்டம். கணக்கு இலகுவாக இருக்கச் சுருக்கத்தை 300 என்றே வைத்தால், நிமிடத்துக்கு 60 துடிப்பில் தளர்வுக்கு 700 மில்லி செக்கன் கிடைக்கும். 75 துடிப்பில் 500. 100 துடிப்பில் 300 மட்டுமே.

சம்பளம் குறைந்தாலும் வீட்டு வாடகை குறைவதில்லை, குறைவது சேமிப்பு. இதயத்தில் சுருக்கம் வாடகை, தளர்வு சேமிப்பு.

இதனால் துடிப்பின் தொடக்கப் பகுதியில் எடுக்கும் வரிகள் பெரும்பாலும் சரியாகப் பொருந்தும். பிற்பகுதியில் எடுப்பவைதான் பிழைக்கும். இதயத் தமனிகளைப் படமெடுக்கும்போது, தளர்வின் நடுவில் இதயம் ஏறக்குறைய அசையாதிருக்கும் சிறு அமைதி நேரத்தைத் தேடுகிறார்கள். துடிப்பு தொடங்கி 700 மில்லி செக்கனில் எடுப்பது என நேரம் குறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 1000 ஆக இருந்தால் அது அமைதி நேரம். அடுத்த துடிப்பின் இடைவெளி 800 ஆகக் குறுகினால் அதே 700 ஆவது மில்லி செக்கனில் சோணையறைகள் சுருங்கத் தொடங்கியிருக்கும். நோயாளி அசையவில்லை, இயந்திரமும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தத் துடிப்பின் வரிகள் வேறொரு இதயத்தின் வரிகள்போல ஆகிவிடும்.

நேரத்தைத் துடிப்பால் எண்ணும் முறைகளிலும் இப்படியான சிக்கல் உண்டு. இதயத்தசையின் தன்மையை எண்ணால் காட்டும் "மொலி" என்ற வரைபட முறை 2004 இல் வந்தது. அதில் ஓர் அளவைக்கும் அடுத்ததற்கும் இடையே தசையின் சமிக்ஞை பழைய நிலைக்குத் திரும்ப 3 துடிப்பு ஓய்வு விடப்பட்டது. நிமிடத்துக்கு 60 துடிப்புள்ளவருக்கு அது 3 செக்கன் ஓய்வு. 100 துடிப்புள்ளவருக்கு 1.8 செக்கன்தான். ஓய்வு போதாதபோது அளவு குறைவாகக் காட்டும். ஆகவே பிற்காலத்தில் ஓய்வைத் துடிப்பால் எண்ணாமல் செக்கனால் எண்ணும் வடிவங்களும், மொத்தமே 9 துடிப்புகளில் முடியும் சுருக்க வடிவமும் வந்தன.

துடிப்பின் அடையாளம் பிழைக்கும்போது

ஒரு துடிப்பு எப்போது தொடங்கியது என்று இயந்திரத்துக்குச் சொல்வது ஈ.சி.ஜி. நெஞ்சில் ஒட்டும் மின்வாய்கள் இதன்பொருட்டே. ஈ.சி.ஜி. கோட்டில் உயர்ந்து நிற்கும் கூரிய முனை "ஆர் அலை". அதைக் கண்டதும் இயந்திரம் கணக்கைத் தொடங்கும்.

காந்தத்துக்குள் ஒரு தொல்லை உண்டு. இரத்தம் மின்னைக் கடத்தும் திரவம். காந்தப் புலத்தினூடாக அது பெருநாடியில் வேகமாக ஓடும்போது தானே ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அது ஈ.சி.ஜி. யின் பிற்பகுதியிலுள்ள "ரி அலை" மீது ஏறி அதை உயர்த்திவிடும். இயந்திரம் சிலவேளை ரி அலையை ஆர் அலை என்று எண்ணி, நடுத் துடிப்பில் புதுக் கணக்குத் தொடங்கும். காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவாகும்போது இத்தொல்லை கூடும். இரண்டு அலைகளையும் அவற்றின் திசையைக் கொண்டு பிரித்தறியும் முறை 1990 களின் இறுதியில் வந்து பெருமளவு உதவியது.

ஈ.சி.ஜி. சரிவராதபோது விரலில் மாட்டும் நாடிக் கருவியைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் இதயத்தில் எழுந்த அலை விரலுக்கு வந்துசேரச் சில நூறு மில்லி செக்கன் செல்லும். அந்தத் தாமதமும் துடிப்புக்குத் துடிப்பு சற்று மாறும். ஆதலால் அதன் நேரக் கணக்கு ஈ.சி.ஜி. அளவுக்குத் துல்லியமாக இராது.

சரிக்கட்டும் வழிகள்

பெப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள். இரண்டையும் ஒப்பிடக் கணக்காளர் நாள்சராசரிக்கு மாற்றுவார். எம்.ஆர்.ஐ. யிலும் இப்படி ஒரு வழி உண்டு. துடிப்பு முழுவதும் நிறுத்தாமல் வரிகளை எடுத்துக்கொண்டே போய், ஈ.சி.ஜி. யையும் பக்கத்தில் பதிவுசெய்வார்கள். பின்னர் ஒவ்வொரு துடிப்பையும் நீட்டியோ குறுக்கியோ ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். சில மென்பொருட்கள் சுருக்கத்தை அதிகம் தொடாமல் தளர்வை மட்டும் நீட்டிக் குறுக்கும். வாடகையையும் சேமிப்பையும் வேறாக நடத்துவது போன்றது இது.

இரண்டாவது வழி, தள்ளுபடி. எதிர்பார்த்த அளவிலிருந்து அதிகம் விலகிய துடிப்பின் வரிகளை ஏற்காமல் விட்டு, அடுத்த துடிப்பில் மீண்டும் எடுப்பார்கள். படம் தெளிவாகும். ஆனால் மூச்சு நிறுத்தும் நேரமும் பரிசோதனை நேரமும் நீளும். துடிப்புகளில் பாதி விலகியவையாக இருந்தால் இவ்வழி சரிவராது.

மூன்றாவது, துண்டு துண்டாகச் சேர்க்காமல் ஒவ்வொரு படத்தையும் ஒரே துடிப்புக்குள் எடுத்துவிடும் நேரடி முறை. மூச்சு நிறுத்தத் தேவையில்லை, சீரற்ற துடிப்பும் பெரிய தடையல்ல. விலை, படத்தின் நுணுக்கம். குறைந்த வரிகளை வைத்துப் படமாக்குவதால் தெளிவு குறையும். கணினியின் வேகம் கூடக்கூட இந்தக் குறை சுருங்கி வருகிறது.

ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான வித்தியாசம்

இவ்வளவு கணக்கும் எதற்கு? பரிசோதனையின் முடிவில் வரும் எண்களில் முக்கியமானது, இடது இதயவறை நிரம்பியபோது இருந்த இரத்தத்தில் எத்தனை வீதத்தை ஒரு சுருக்கத்தில் வெளியேற்றுகிறது என்பது. நிரம்பியபோது 150 மில்லிலீற்றர், சுருங்கியபின் 60 மில்லிலீற்றர் என்றால் வெளியேறியது 90. ஆகவே 60 வீதம். இது நல்ல எண்.

பலவீனமான ஓர் இதயத்தை எடுத்துக்கொள்வோம். நிரம்பியபோது 200, சுருங்கியபின் 128. வெளியேறியது 72, அதாவது 36 வீதம். படம் மங்கி, சுருங்கிய அறையின் எல்லை சற்று வெளியே தெரிந்து 128 என்பது 132 ஆக அளக்கப்பட்டால் கிடைப்பது 34 வீதம். வித்தியாசம் 4 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் திடீரெனத் துடிப்பு குழம்பும்போது மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் கருவியை நெஞ்சில் பொருத்துவதா என்று ஆராயும்போது வைத்தியர்கள் பார்க்கும் எல்லைக்கோடு 35 வீதம். அந்த முடிவை ஓர் எண்ணை மட்டும் வைத்து எடுப்பதில்லை. மருந்து எடுத்த காலம், நோயின் காரணம், மூச்சுவாங்குதல் முதலிய எல்லாம் பார்ப்பார்கள். என்றாலும் எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு அந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பது பெரிய கேள்வி. "படத்தின் தரம் மட்டுப்பட்டுள்ளது" என்று எழுதுபவர் உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அடுத்த வைத்தியருக்கு அறிவிக்கிறார். கணக்காய்வாளர் தன் அறிக்கையில் சேர்க்கும் குறிப்புரைக்கு அது நிகரானது.

எம்மவர் கவனிக்க வேண்டியவை

மூச்சுக் கட்டளைகளைப் பழகுங்கள். கியூபெக்கில் இவை பெரும்பாலும் பிரெஞ்சில் வரும். "அன்ஸ்பிரே" என்றால் மூச்சை உள்ளே இழுங்கள். "எக்ஸ்பிரே" என்றால் வெளியே விடுங்கள். "நெ ரெஸ்பிரே ப்ளு" என்றால் மூச்சை நிறுத்துங்கள். "ரெஸ்பிரே" என்றால் வழமைபோல மூச்சு விடுங்கள். முதல் இரண்டும் இரைச்சலுக்குள் ஒன்றுபோலக் கேட்கும். மூன்றாவதற்குள்ளேயே நான்காவது சொல் இருப்பதால், நிறுத்த வேண்டிய நேரத்தில் மூச்சு விடும் முதியோர் உண்டு. பெரும்பாலான இடங்களில் மூச்சை வெளியே விட்டபின்பே நிறுத்தச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் உதரவிதானம் ஒரே இடத்துக்குத் திரும்புவது அப்போதுதான். பரிசோதனைக்கு முன் சில நாட்கள் வீட்டில் பேரப்பிள்ளை பிரெஞ்சில் சொல்ல, அம்மம்மா மூச்சை விட்டு 10 செக்கன் நிறுத்திப் பழகலாம். முடியாதவர் அதை முன்கூட்டியே சொல்லலாம். குறுகிய நேர முறைகள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் பரிசோதனை நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

துடிப்புப் பற்றித் தெரிந்ததை மறைக்காதீர்கள். துடிப்புச் சீரின்மை முன்பே கண்டறியப்பட்டிருந்தால், இடையிடையே துடிப்பு தவறுவதுபோல உணர்ந்தால், முன்கூட்டியே கூறுங்கள். தொழில்நுட்பவியலாளர் பொருத்தமான முறையைத் தெரிவுசெய்ய அது உதவும். மருந்துப் பட்டியலைக் கொண்டுபோங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை அன்று எடுப்பதா விடுவதா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள். கோப்பி, தேநீர், சொக்லேட் பற்றி அறிவித்தலில் கட்டுப்பாடு இருந்தால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

செல் துண்டு, சன்னம் எதுவானாலும் சொல்லுங்கள். போரில் காயப்பட்டு உலோகத் துண்டுகளை உடலில் சுமப்பவர்கள் எம்மிடையே உண்டு. பலர் அதைப் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகிலுள்ள உலோகம் காந்தத்துக்குள் ஆபத்தாகலாம். நெஞ்சிலுள்ள துண்டு இதயப் படத்தையே சிதைக்கலாம். முன்பே சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவுசெய்வார்கள்.

சத்தத்துக்கு மனதைத் தயார்ப்படுத்துங்கள். இயந்திரம் பலமாகத் தட்டும், இடிக்கும், திடீரென நிற்கும், மீண்டும் தொடங்கும். பங்கரில் இரவுகளைக் கழித்தவருக்கு ஒடுங்கிய குழாயும் அந்தச் சத்தமும் என்ன நினைவைத் தருமென்று தொழில்நுட்பவியலாளருக்குத் தெரியாது. பயம் துடிப்பை விரைவாக்கும், விரைவு தளர்வு நேரத்தைக் குறைக்கும், படம் மங்கும். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காதடைப்பான் தருவார்கள். கையில் ஓர் அழுத்துப் பந்தும் தருவார்கள். அதை அழுத்தினால் உடனே பேசுவார்கள்.

அறிக்கை வந்தபின் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பரிசோதனையின்போது துடிப்பு எப்படி இருந்தது? படத்தின் தரம் குறைந்ததால் எந்த எண் அல்லது எந்த முடிவு சந்தேகத்துக்குரியது? அந்தச் சந்தேகம் என் சிகிச்சையை மாற்றுமா? மூன்றாவதற்கு "இல்லை" என்று விடை வந்தால் அந்த வரியை நினைத்து நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை. "ஆம்" என்று வந்தால் மீண்டும் படமெடுப்பதா, எக்கோ போன்ற வேறு பரிசோதனையோடு ஒப்பிடுவதா என்று அங்கேயே பேசிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். சென்ற முறை துடிப்பு எப்படி இருந்தது என்று முன்பே தெரிந்தால், அதற்கேற்ற முறையோடு தொடங்கலாம்.